சல்வடோர் கார்னிவலுக்கு காந்தி உடை வாங்கப் போறீங்களா? 1,700 ரியல் போச்சு, இதைப் படிச்சுட்டு வாங்குங்க

இன்னும் கை நடுங்குது. நேற்று, கார்னிவல் ஞாயிறு அன்று, 1,700 ரியல் ஏமாந்தேன். நம்ம காசுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். பிரேசிலில் இந்த சல்வடோர் நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இங்கே கார்னிவல் திருவிழாவில் ‘ஃபில்யோஸ் டி காந்தி’ என்று ஒரு ஊர்வலக் குழு. ‘காந்தியின் பிள்ளைகள்’ என்று அர்த்தம். காந்தி சுடப்பட்ட மறுவருடம், 1949இல், துறைமுகத் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை உடையில், நீலமும் வெள்ளையுமாக மணிமாலை போட்டு, லாவெண்டர் தண்ணீர் தெளித்துக்கொண்டே நடப்பார்கள். குழுவின் உடை இருந்தால்தான் வரிசைக்குள் நடக்கலாம்.

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். நாற்பது வருஷமாகக் கதர் தவிர வேறு கட்டியதில்லை. போனில் இதைச் சொன்ன நாளிலிருந்து “நானும் அதுல ஒரு நாள் நடக்கணும்ப்பா” என்றுதான் பேச்சு. அதற்காகவே ஜனவரியில் வந்தார். எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. குழுவின் அலுவலகத்துக்கு நேரில் போகாமல், பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் தேடினேன். அங்கேதான் மாட்டினேன்.

விற்றவள் குரல் செய்தி அனுப்பினாள். இந்தியா என்றதும் அப்படி ஒரு சந்தோஷம். “காந்தி உங்க நாட்டுக்காரர் ஆச்சே! உங்க அப்பாவுக்கு இல்லாததா, ரெண்டு செட் எடுத்து வைக்கிறேன்.” அப்பாவின் தலை அளவு கேட்டாள், கால் அளவு கேட்டாள். செருப்புக்காம்! அந்தக் கால் அளவில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவள் இதையெல்லாம் கேட்பாளா என்று நினைத்தேன். பிக்ஸில், அதாவது நம்ம யுபிஐ மாதிரி இங்கே இருப்பதில், பணம் அனுப்பும்போது திரையில் வேறு ஆள் பெயர் வந்தது. “என் மச்சான் கணக்கு” என்றாள். அழுத்திவிட்டேன். 1,700 ரியல், ஒரு நொடியில் போய்விட்டது.

நேற்று காலை ஒன்பது மணிக்கு பெலோரினியோ சதுக்கத்தில் தருவதாகச் சொன்னாள். அப்பா சலவை வேட்டியில் நிற்கிறார். சுற்றிலும் ஆண்கள் ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெண்கள் வெள்ளைத் துண்டைத் தலையில் சுற்றி, சுற்றியபடியே ஊசி நூலால் தைத்து, நெற்றிக்கு நேரே நீலக் கல் வைக்கிறார்கள். பத்து மணி, பதினொன்று. நான் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான். மதியம் மேளம் கிளம்பிவிட்டது. “விடுப்பா, பாத்துட்டாவது போவோம்” என்றார் அப்பா. அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது.

செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். “பணம் எங்கள் செயலிக்கு வெளியே செலுத்தப்பட்டதால் உதவ இயலாது.” மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே வரி. கார்னிவல் திங்கள், செவ்வாய் இங்கே வங்கிகள் திறக்காது. சாட்டில் பிடித்தால், திருப்பித் தரும் கோரிக்கை பதிவாகிவிட்டது, விசாரிக்க ஏழு நாள் ஆகும், பணம் மிச்சம் இருந்தால்தான் வரும் என்கிறார்கள். 1,700 ரியலை எவன் ஏழு நாள் கணக்கில் விட்டுவைப்பான்? காவல் நிலையத்தில் புகார் எண் கொடுத்து, “கார்னிவல் முடிந்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பிக்ஸ் திரையில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். உடையைக் குழுவின் அலுவலகத்திலேயே வாங்குங்கள், அதுவும் பெலோரினியோவில்தான் இருக்கிறது. ஏமாந்தால் அந்த நிமிஷமே வங்கியில் சொல்லுங்கள். பிக்ஸ் மோசடிக்கு 80 நாள் வரை கோரலாம், ஆனால் தாமதித்தால் கணக்கைத் துடைத்துவிடுவார்கள்.

நாளை செவ்வாய், கடைசி ஊர்வலம். இப்போது பார்த்தேன், அவள் விளம்பரத்தில் போட்டிருந்த அதே உடைப் படம், அதே செயலியில் வேறு பெயரில் இருக்கிறது. “இரண்டே செட் பாக்கி” என்று போட்டிருக்கிறாள். வாங்காதீர்கள்.