லிஸ்பனில் தொடங்குவதா, பசார்கடாவில் தொடங்குவதா?

போர்த்துகீசிய மொழியின் தன்னுணர்ச்சிக் கவிதைகளைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலில் போர்ச்சுகல், அப்புறம் பிரேசில், கடைசியில் ஆப்பிரிக்கா என்று நாடுவாரியாகப் போகலாம். இல்லையென்றால் ஒரே கவிதையைப் பிடித்துக்கொண்டு, அது கடல் தாண்டி எங்கெல்லாம் போனது என்று பார்க்கலாம்.

முதல் வழி பாடத்திட்டம் போடுபவர்களுக்கு வசதி. போர்ச்சுகல் கவிஞர்களான கமோயின்ஷ், பெசோவா என்று பெரிய பெயர்கள். மொழிபெயர்ப்புகளும் எளிதில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பெசோவா லேசில் விடமாட்டார். கயெய்ரோ, ரெய்ஸ், காம்போஸ் என்று கற்பனைக் கவிஞர்களை உருவாக்கி, ஆளுக்கொரு வாழ்க்கையும் நடையும் கொடுத்த மனிதர். அவரை முடிப்பதற்குள் பாதி வருடம் ஓடிவிடும். 1991இல் போர்த்துகீசிய மொழி இலக்கியத்தின் உயரிய விருதான கமோயின்ஷ் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கரான மொசாம்பிக் கவிஞர் க்ராவெய்ரின்யா கடைசி வாரத்தில் அவசரமாக வந்து போவார்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பிரேசில் கவிஞர் மனுவேல் பந்தெய்ராவின் 1930ஆம் ஆண்டுத் தொகுப்பில், பண்டைய பாரசீக நகரமான பசார்கடாவுக்கே போய்விடப் போகிறேன் என்று ஒரு கவிதை இருக்கிறது. அங்கே ராஜா அவருக்குச் சிநேகிதர். போய் என்ன செய்வாராம்? உடற்பயிற்சி, சைக்கிள், முரட்டுக் கழுதைச் சவாரி, வழுக்குமரம் ஏறுவது, கடல் குளியல். 18 வயதில் காசநோய் வந்து முடங்கியவரின் பட்டியல் இது என்று தெரிந்ததும் அந்தச் சைக்கிள் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தக் கவிதை, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அப்போது போர்ச்சுகலின் காலனியாக இருந்த கேப் வெர்டே தீவுகளுக்குப் போனது. அங்கே மழை பொய்த்தால் பஞ்சம்; 1940களில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பிழைக்கக் கப்பலேறுவது ஊர் வழக்கம். 1936இல் அங்குள்ள மிந்தெலோ நகரில் 'கிளாரிதாத்' இலக்கிய இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான பல்தசார் லோப்பெஸ், ஒஸ்வால்தோ அல்கன்தரா என்ற பெயரில் பசார்கடா ஏக்கத்தைத் தன் கவிதைகளில் எழுதினார். அடுத்த தலைமுறையின் ஒவீதியோ மார்த்தின்ஸுக்கு அந்த ஏக்கமே பிடிக்கவில்லை. கத்துவேன், அலறுவேன், கொல்லுவேன், பசார்கடாவுக்கு மட்டும் போகமாட்டேன் என்று எழுதினார். நோயாளியின் பகற்கனவு, காலனி ஆட்சியின் கீழ் ஊரைவிட்டு ஓடுவதா நின்று போராடுவதா என்ற சண்டையாகிவிட்டது. நாடுவாரிப் பாடத்தில் இந்த மூவரும் ஒரே வகுப்பில் சந்திப்பது கஷ்டம்.

குறையும் இருக்கிறது. இந்தத் தடத்தில் லிஸ்பன் கிட்டத்தட்ட விடுபட்டுப்போகும், க்ராவெய்ரின்யாவும் வரமாட்டார். தேர்வு எழுத வேண்டியவர்கள் முதல் வழியிலேயே போகட்டும்.

காதால் கேட்டுப் படிப்பவர்களுக்கும் பந்தெய்ராவே நல்ல தொடக்கம். பிரேசில்காரர்கள் உயிரொலிகளைத் திறந்து சொல்வதால் அசைகள் தெளிவாகக் கேட்கும். லிஸ்பன் பேச்சில் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிடுவார்கள். புத்தகத்தில் எண்ணிய அசைகள் ஒலிப்பதிவில் அகப்படாது.