கோடிட்ட 0.9ஐ 1 என்று காட்டும் கணிப்பான்

மூன்று மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இந்த அறிவியல் கணிப்பானை வாங்கியதற்கு ஒரே காரணம், இலக்கத்தின் மேல் கோடிட்டு மீளும் தசமங்களை, அதாவது 0.333… போல இலக்கங்கள் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் தசமங்களை, அப்படியே உள்ளிட உதவும் பொத்தான் இதில் இருப்பதுதான். முன்பு வைத்திருந்த எட்டு இலக்கச் சாதாரணக் கணிப்பானில் 1ஐ 3ஆல் வகுத்து, வந்த விடையை மீண்டும் 3ஆல் பெருக்கினால் 0.9999999 என்றுதான் வரும். மீளும் தசமம் முழு எண்ணை நெருங்குமே தவிர எட்டாது என்ற தவறான எண்ணம் பலருடைய மனத்தில் வேரூன்றுவதற்கு அந்த விடையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

புதிய கணிப்பானில் 0.9 என்று உள்ளிட்டு, 9இன் மேல் கோடிட்டுச் சமக்குறியை அழுத்தினேன். 1 என்று வந்தது. ஐயம் தீர, 1இலிருந்து கோடில்லாத 0.99999999ஐக் கழித்துப் பார்த்தேன். பத்துக்கோடியில் ஒரு பங்கு மிஞ்சியது. கோடிட்ட 0.9ஐக் கழித்தபோதோ 0 மட்டுமே வந்தது. இந்த இரு விடைகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்: ஒன்பதுகள் எங்கேனும் நின்றுவிட்டால் 1க்கும் அந்த எண்ணுக்கும் இடையே வேறுபாடு இருந்தே தீரும், நிற்காமல் தொடர்ந்தால், எவ்வளவு சிறிய வேறுபாட்டை நாம் சொன்னாலும் உண்மையான வேறுபாடு அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டியிருப்பதால், அது பூச்சியமாக மட்டுமே இருக்க முடியும். 0.4க்குப் பின் கோடிட்ட 9ஐச் சேர்த்தால் ½ என்று சரியாகவே காட்டுகிறது.

குறை ஒன்று உண்டு. 1/19இன் மீளும் பகுதியில் 18 இலக்கங்கள் இருப்பதால், அது திரையில் அடங்காமல் கோடில்லாத சாதாரணத் தசமமாக வெட்டப்பட்டு வருகிறது. அளவில் சிறிய கருவி என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது, உடன் வந்த கையேட்டில் உள்ள ஒரு வரி. கோடிட்ட 0.9 "தோராயமாக 1 எனக் காட்டப்படும்" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இதில் தோராயம் என்பதற்கே இடமில்லை. அந்த எண்ணை x என்று கொண்டால் 10x என்பது 9.999… ஆகும்; அதிலிருந்து xஐக் கழித்தால் 9x = 9, ஆகவே x = 1. 9.999… என்பது 10க்குச் சமம் என்று கணித மேதை ஆய்லர் 1770இல் வெளிவந்த தமது இயற்கணித நூலிலேயே காட்டியிருக்கிறார். கருவி சரியாகச் சொல்லும் விடையை அதன் கையேடே மறுப்பது, மாணவர்கள் கையில் போய்ச்சேரும் பொருளுக்கு அழகல்ல. அடுத்த பதிப்பில் "தோராயமாக" என்ற அந்தச் சொல்லைத் தயாரிப்பாளர்கள் நீக்கிவிட வேண்டும்.