பழைய அம்பாசிடரை ஓட வைக்கிறேன் என்று 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்

நேற்று ராத்திரி எங்கள் வண்டி வீடு வந்து சேர்ந்தது. ஓடி வரவில்லை, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

1968 அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல், 1489 சி.சி. குடியாத்தத்தில் அப்பா லுங்கி வியாபாரம் செய்த காலத்து வண்டி. 1997-இல் குடோனில் நிறுத்தியது, அப்புறம் அதன் மேல் பேல் அடுக்கியதோடு சரி. இந்த மே மாதம் வெளியே இழுத்தோம். ஆற்காடு பக்கம் பழைய கார்களைப் புதுசாக்கித் தரும் ஒரு பட்டறை இருக்கிறது என்றார்கள். பெயர் வேண்டாம்.

பட்டறைக்காரர் நேரில் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நம்பர் பிளேட்டைத் துடைத்தார். "அப்பா வண்டியா சார்?" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அப்புறம் எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. "பிஸ்டன் புடிச்சிக்கிச்சு, ரீபோர் பண்ணியே ஆகணும்" என்றார். சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். அங்கேயே 25,000 போனில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து பிஸ்டன் செட், லேத் கூலி, டேங்க் கழுவ என்று இன்னும் 37,000. மொத்தம் 62,000. ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. அப்பா வண்டியா என்று கேட்ட மனுஷனிடம் எப்படிக் கேட்பது?

ஜூனில் கேட்டால், எஞ்சின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள பாகம், லேத்தில் இருக்கிறது. ஜூலையில் கேட்டால், லேத்துக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். அப்புறம், "ஆடிக் கிருத்திகை முடியட்டும் சார், பசங்க ரத்தினகிரிக்குக் காவடி எடுக்கறாங்க." முருகன் பெயரைச் சொன்னால் நான் என்ன பேச? கிருத்திகையும் முடிந்தது, போனை எடுப்பதும் நின்றது. நேரில் போனால் டீ வாங்கித் தருவார். நாலு டீ குடித்தேன். 62,000 ரூபாய்க்கு நாலு டீ.

காட்பாடியிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் இன்று காலை வந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். என் விரலைப் பிடித்து சிலிண்டரின் மேல் விளிம்பில் தடவ வைத்தார். நகம் ஒரு படியில் தட்டியது, பிஸ்டன் ஓடி ஓடிக் கீழே தேய்ந்ததால் உண்டான படி. "ரீபோர் பண்ணிருந்தா இந்தப் படி இருக்காது தம்பி. பிளாக் லேத்துக்கே போகல." பிளாக்குக்கு மேலே பச்சை பெயிண்ட் மட்டும் புதுசு. டேங்கைத் திறந்தால் வார்னிஷ் நாற்றம், அடியில் பழைய பெட்ரோல் கோந்தாக உறைந்திருந்தது. டேங்க் கழுவிய லட்சணம் அது.

வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு இரண்டு வளைந்திருந்தது. எண்ணெய் ஊற்றிப் பிடித்திருந்த பிஸ்டனை இளக வைத்துவிட்டு, உள்ளே வால்வு ஒட்டிக்கிடப்பதைப் பார்க்காமல் கியரில் போட்டு கயிறு கட்டி இழுத்திருப்பார்கள் என்கிறார் பெரியவர். வால்வு அசையாதபோது புஷ்ராடுதானே வளையும்? முறையான வேலை இத்தனைதானாம்: பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற வைப்பது, மேலே இருக்கும் டேப்பட் கவர் என்ற மூடியைத் திறந்து வால்வுகளைப் பார்ப்பது, அப்புறம் ஹேண்டிலால் மெல்ல மெல்லச் சுற்றுவது. பிடித்துக்கொண்டது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில் ஏறின துருவாகவும் இருந்திருக்கலாம் என்கிறார்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையும் மாற்றிவிட்டார்கள். அதே எஸ்.யூ. கம்பெனி வகைதான், ஆனால் எங்களுடையது இல்லை. இதற்குள்ளேயும் ஒரு பிஸ்டன் உண்டு, அதை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று கீழே விழ வேண்டும். இது பாதியில் நின்று என்னைப் பார்க்கிறது.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று வைத்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: வண்டியை விடுவதற்கு முன் எஞ்சின், கார்புரேட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ரீபோர் என்றால் பிளாக் லேத்தில் இருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், கழற்றிய பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ரசீது, ரசீது, ரசீது.

எங்கள் கார்புரேட்டர் மூடியில் அப்பா கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது சிந்திய நீலத் துளி ஒன்று இருக்கும். ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் யாராவது அப்படி ஒன்றை விற்கக் கொண்டுவந்தால், வாங்கிவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.