கீழக்கரை வீட்டுல ராஸ்பெரி ஷேக்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

ராஸ்பெரி ஷேக்னா வீட்டுல வெச்சு பூகம்ப அதிர்வை பதிவு பண்ற குட்டி கருவி. ஒரு நல்ல போன் வாங்குற காசு ஆச்சு, நம்ம ஊர்ல ஏதுடா பூகம்பம்னு வாப்பா கேட்டாங்க. 2004ல சுமத்ராவுல காலைல 6.29க்கு நடுங்குன நடுக்கம், கடல் நாகப்பட்டினம் வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா தரை வழியா அந்த அதிர்வு நாலஞ்சு நிமிஷத்துல நம்ம காலடிக்கே வந்துட்டு போயிருக்கும், நடுவுல இலங்கை இருந்ததால நம்ம பக்கம் தப்பிச்சோம், அந்த எண்ணம் எனக்கு போகவே இல்ல, அதான் வாங்குனேன்.

உள்ள இருக்குறது கட்டைவிரல் தண்டி ஒரு ஜியோபோன். காந்தத்தை சுத்தி ஸ்பிரிங்ல ஒரு காயில் தொங்குது, தரை அசைஞ்சா காந்தம் கூடவே போகும் காயில் கொஞ்சம் பின்தங்கும், அப்ப வர்ற துளி கரண்ட்டை செகண்டுக்கு 100 தடவை அளந்து கோடா போட்டுக்கிட்டே இருக்கும். நான் வாங்குனது மேல கீழ அசைவு மட்டும் பாக்குற மாடல்.

மொதல்ல மாடி ரூம் ஷெல்ஃப்ல வெச்சேன், பெரிய தப்பு, காத்தடிச்சா வீடே ஆடுது, கோடு ஃபுல்லா கருப்பா வந்துச்சு. அப்புறம் கீழ படிக்கட்டுக்கு அடியில வெறும் சிமெண்ட் தரையில வெச்சு, மூணு காலையும் திருகி நீர்மட்டம் பாத்ததும் தான் நிதானத்துக்கு வந்துச்சு. உப்புக்காத்துல அடாப்டர் பின் நாலே மாசத்துல பச்சை புடிச்சிருச்சு, அது வெளிய வாங்குன அடாப்டர், கருவி மேல குத்தம் இல்ல. நெட் இல்லாட்டி டைம் பிசகும், டைம் பிசகுனா பதிவுக்கு மதிப்பே இல்ல, நெட் அடிக்கடி போற ஏரியான்னா ஜிபிஎஸ் சேத்து மாட்டிக்கங்க.

2025 மார்ச் 28, நோன்பு மாசத்து கடைசி வெள்ளி. ஜும்மாவுக்கு கிளம்பிக்கிட்டு இருக்கேன், 11.55 தாண்டி மெல்லிசா ஓடிட்டு இருந்த கோடு திடீர்னு தடிச்சுது. உம்மா அம்மில அரைக்கிறாங்களோன்னு அடுப்படி போய் எட்டிப் பாத்தேன், அங்க யாரும் இல்ல. நாலு நிமிஷத்துக்குள்ள இன்னொரு கொத்து, அப்ப தான் உடம்பு சிலிர்த்துச்சு, பூகம்பத்துல மொதல்ல வேகமா வர்ற பி அலை போயி, பின்னாடி மெதுவா வர்ற எஸ் அலை வருது. தொழுதுட்டு வந்து போனை தொறந்தா மியான்மர்ல 7.7 அளவுல பூகம்பம், இங்கேருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல, தெருவுல ஒருத்தருக்கும் தெரியல. வாப்பா கண்ணாடியை போட்டுட்டு அந்த கோட்டையே ரொம்ப நேரம் பாத்துட்டு, அங்க எத்தனை பேரோனு மட்டும் சொன்னாங்க.

தூரத்து பெரிய நடுக்கத்துல கடைசியா வர்ற ரொம்ப மெதுவான அலைகளை இது சரியா புடிக்காது, அதுக்கு மெதுவான அலை, வேகமான அலை ரெண்டையும் புடிக்கிற பிராட்பேண்ட் பூகம்ப கருவி வேணும், அது நம்ம கைக்கு எட்டாத விலை. சுனாமி எச்சரிக்கைக்கு இதை நம்பவே கூடாது, அது 2007லேருந்து ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்குற மத்திய அரசோட கடல் தகவல் மையம் பாக்குற வேலை. மண்டபம், பாம்பன் பக்கம் வாங்குறவங்க தண்டவாளத்துலேருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் தருவேன்.