மரச்செக்கு எண்ணெய் விற்கும் இணையதளம்: வந்தவரை எது நிறுத்தும், எது விரட்டும்?

காங்கேயம், ஈரோடு பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்பவர்கள் பலர் இப்போது சொந்தமாக இணையதளமும் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் நன்றாக இருக்கிறது, கடைக்கு நேரில் வருகிறவர்கள் மறுபடி மறுபடி வருகிறார்கள், ஆனால் தளத்துக்குள் நுழைகிறவர்கள் ஒன்றும் வாங்காமல் போய்விடுகிறார்கள். கேட்டால் "விளம்பரம் பத்தவில்லை" என்பார்கள். வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தால் ஆள் வருவது தெரியும். வந்தவரைத் தளமே திருப்பி அனுப்புகிறது.

சிறு தொழில்களுக்குத் தளம் செய்து கொடுப்பதும் வேறு யாரோ செய்ததைச் சரிசெய்வதும்தான் என் வேலை. எண்ணெய் வாங்க வருகிறவர் மனதில் நாலே கேள்விதான் இருக்கும்: என்னென்ன எண்ணெய் இருக்கிறது, விலை என்ன, எங்கள் ஊருக்கு அனுப்புவார்களா, இவர்களை நம்பலாமா. இப்படிச் செய்வதா அப்படிச் செய்வதா என்று குழப்பம் வரும்போதெல்லாம், இந்த நாலுக்கும் எது சீக்கிரம் பதில் சொல்கிறது என்று பார்ப்பேன். கீழே உள்ள எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறேன்.

ஓடும் பேனரா, ஒரே படமா?

கடைக்காரர்கள் முதலில் கேட்பது ஸ்லைடர், அதாவது முகப்பில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி ஓடும் பேனர். முதல் படத்தில் செக்கு, அடுத்ததில் எள்ளு வயல், மூன்றாவதில் தீபாவளிச் சலுகை, நாலாவதில் முதலாளி விருது வாங்குகிற படம். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்ட நிம்மதி அவருக்கு. ஆனால் நாலாவது படம் வரும்வரை யார் காத்திருப்பார்? அமெரிக்காவில் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தை 2013-ல் அளந்து பார்த்தபோது, வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் ஸ்லைடரில் எதையாவது சொடுக்கியிருந்தார்கள், அந்தச் சொடுக்குகளிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே போனது. பல்கலைக்கழகமும் எண்ணெய்க் கடையும் ஒன்றில்லை, சரி. ஆனாலும் முக்கியமான சலுகையை மூன்றாவது படத்தில் வைக்கும் முன் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை படத்தின் எடை. போனில் எடுத்த படம் ஒன்று 4,000 பிக்சல் அகலத்தில் 4, 5 எம்பி இருக்கும். அப்படியே நாலு படத்தை ஏற்றினால் முகப்பு மட்டும் 16 எம்பிக்கு மேல் போகும். பேருந்தில் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான் தெரியும். அதே படத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும், போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் பிரவுசரிலேயே இதைச் செய்யலாம். பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் மொபைல் வருகைகளில் 53 சதவீதம் பாதியில் கைவிடப்படுகிறது என்று கூகுள் 2016-ல் சொன்னது. பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்றைக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் உங்கள் தள முகவரியைப் போட்டால் எத்தனை விநாடி என்று காட்டிவிடும்.

என் தீர்ப்பு: ஒரே படம். லேபிள் எழுத்து தெரிகிற மாதிரி எடுத்த ஒரு லிட்டர் பாட்டில், அதன் கீழே பெயர், விலை, ஆர்டர் பொத்தான். விரலால் தள்ளாமலே இவ்வளவும் தெரிய வேண்டும். செக்குப் படமும் விருதுப் படமும் "எங்களைப் பற்றி" பக்கத்தில் இருக்கட்டும்.

விலை: மறைப்பதா, கடைசியில் சொல்வதா, முதலிலேயே சொல்வதா?

என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் ஓடுவது இந்த இடத்தில்தான்.

முதல் வகை, "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்." இதற்குச் சொல்லப்படும் காரணம் இரண்டு. எள்ளு, நிலக்கடலை விலை அடிக்கடி ஏறி இறங்குகிறது என்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு ஐந்து ரூபாய் குறைத்துவிடுவார் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு போன் போட்டாலே விலை தெரிந்துவிடும், அவருக்கு உங்கள் தளமே தேவையில்லை. விலை மாறுவது உண்மைதான். ஆனால் ஒரு எண்ணைத் திருத்த ஐந்து நிமிடம் போதும், பக்கத்தில் "இந்தத் தேதி முதல்" என்று போட்டுவிட்டால் அதுவே இந்தத் தளத்தை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைக் கொடுக்கும். விலை இல்லாத பக்கத்தைப் பார்க்கிறவர் "நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது போல" என்றுதான் நினைப்பார், போன் எடுத்துக் கேட்க மாட்டார்.

இரண்டாவது வகை இன்னும் மோசம், ஏனென்றால் வாங்கத் துணிந்தவரையே இது இழக்கிறது. ஒருவர் 5 லிட்டர் கடலை எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறார், கூடையில் போடுகிறார். உடனே "கணக்கு தொடங்குங்கள்" என்று பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு, ஓடிபி. அதைத் தாண்டினால் முகவரி, பின்கோடு. எல்லாம் நிரப்பி முடித்த பிறகு மொத்தத் தொகையில் கூரியர் கட்டணம் ஏறி நிற்கிறது. எண்ணெய்க்கு இது சின்னத் தொகையாக இருக்காது. 5 லிட்டர் எண்ணெயே நாலரை கிலோவுக்கு மேல், டின்னும் அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் 5 கிலோவைத் தொடும், கூரியர்காரர் எடைக்குத்தான் காசு வாங்குகிறார். இவ்வளவு நேரம் செலவழித்தவருக்கு அந்த இடத்தில் வருவது ஏமாற்றப்பட்ட உணர்வு. ஆன்லைன் கடைகளைப் பல வருடமாக ஆராயும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, கூடையில் போட்டதில் சராசரியாக 70 சதவீதம் வாங்காமலே கைவிடப்படுகிறது. சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டுக் காரணம் கேட்டால் முதலில் நிற்பது கடைசியில் ஏறும் கூடுதல் செலவு, கட்டாயமாகக் கணக்கு தொடங்கச் சொல்வதும் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் இது சட்டப் பிரச்சினையும் கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில், விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டுவதும் ஒன்று.

மூன்றாவது வகை: விலைக்குப் பக்கத்திலேயே பின்கோடு பெட்டி, அல்லது "தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, பெங்களூருக்கு இவ்வளவு" என்று இரண்டு வரி. இதிலும் இரண்டு கட்சி உண்டு, கூரியரை விலையோடு சேர்த்துக் காட்டு என்பவர்கள், தனியாகக் காட்டு என்பவர்கள். நான் இரண்டையும் கலக்கச் சொல்வேன். 5 லிட்டர் டின்னுக்குச் சேர்த்தே காட்டலாம், லிட்டருக்கு வகுத்துப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியாது. ஒரு லிட்டர் பாட்டிலுக்குச் சேர்த்தால் ஊர்க் கடை விலையோடு ஒப்பிட்டு "இவ்வளவா" என்று ஓடிவிடுவார்கள், அதற்குத் தனியாகவே எழுதுங்கள். அப்புறம், கணக்கு தொடங்காமலே வாங்க விடுங்கள். போன் எண்ணும் முகவரியும் போதும்.

படிவமா, வாட்ஸ்அப்பா?

"எங்களைத் தொடர்பு கொள்ள" பக்கத்தில் எட்டுப் பெட்டி கொண்ட படிவம், கீழே கோணல் எழுத்தைப் படித்து நிரப்பும் கேப்சா. நிரப்பி அனுப்பினால் அது யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்ச் சேரும். எண்ணெய்க் கடைக்கு வாட்ஸ்அப் பொத்தான்தான் சரி. தொட்டவுடன் "நல்லெண்ணெய் 2 லிட்டர் வேண்டும்" என்று செய்தி தானாக எழுதப்பட்டுத் திறக்கிற மாதிரி அந்த இணைப்பை அமைக்கலாம், வாடிக்கையாளர் அனுப்பினால் போதும். போன் எண்ணும் தொட்டால் அழைக்கிற மாதிரி இருக்க வேண்டும். எண்ணைப் படமாகப் போட்டு, அதைப் பார்த்துத் தாளில் எழுதி அழைக்க வைக்கிற தளங்கள் இன்னும் இருக்கின்றன.

படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹோட்டலுக்கு மாதம் நூறு லிட்டர் கேட்பவருக்கும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி கேட்பவருக்கும் படிவம் வசதி, என்ன அளவு, எந்த ஊர், ஜிஎஸ்டி எண் எல்லாம் ஒரே தடவையில் கிடைக்கும். ஆனால் அதை மொத்த விற்பனைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: பதில் சொல்ல ஆள் வேண்டும். இரவு பத்து மணிக்கு வந்த செய்திக்கு மறுநாள் மாலை பதில் போனால் அந்த ஆர்டர் போனதுதான். "காலை 9 முதல் இரவு 8 வரை பதில் சொல்வோம்" என்று பொத்தானுக்குக் கீழே எழுதிவிடுவது நல்லது.

தமிழா, ஆங்கிலமா, படமாகத் தமிழா?

தமிழ்நாட்டில் விற்கிற எண்ணெய்க்கு முழுக்க ஆங்கிலத்தில் தளம் வைப்பவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். வீட்டுக்கு எண்ணெய் முடிவு செய்வது பெரும்பாலும் அம்மாக்களும் அப்பத்தாக்களும். தமிழ் வேண்டும். ஆனால் பெங்களூரிலிருந்து வாங்குகிறவரின் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராமலும் இருக்கலாம், அதனால் பொருளின் பெயர், அளவு, விலை இரண்டு மொழியிலும் ஒரே பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வாசலிலேயே மறித்து "மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று கேட்கும் பக்கம் வேண்டாம்.

தமிழை எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து வாங்கிய டிசைனை அப்படியே படமாக ஏற்றிவிடுகிறார்கள். போனில் அந்த எழுத்து கடுகு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் மங்கும், தேடலிலும் சரியாக வராது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் இன்னொரு போனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எல்லாப் போனும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறையான யூனிகோடில் தட்டச்சு செய்து, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைப் போட்டால் முடிந்தது. அளவு 17, 18 பிக்சலுக்குக் குறையாமல், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைப்பது ஆங்கில டெம்ப்ளேட்களில் அழகாகத் தெரியலாம், நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது எட்டாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, பார்வைக் குறை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி. இன்னொன்று, "கூடையில் சேர்க்கவும்" என்பது ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் அடங்காமல் இரண்டாக உடையும். "வாங்கு" என்று சுருக்கினால் சரியாகிவிடும்.

குறுக்கே வரும் பெட்டிகளும் நம்பிக்கையும்

பக்கம் திறந்த உடனே "10% தள்ளுபடி, மின்னஞ்சல் கொடுங்கள்" என்று திரையை மறைக்கும் பாப்அப்புக்கும், பக்கத்தின் மேலே அமைதியாக ஒரு வரியில் சொல்லப்பட்ட அதே சலுகைக்கும் நடுவில் தேர்வு என்றால் எப்போதும் வரிதான். போனில் திரையை மறைக்கும் பெட்டிகளை வைத்த பக்கங்களைக் கூகுள் 2017 ஜனவரியிலிருந்தே தேடலில் கீழே தள்ளலாம் என்று அறிவித்திருக்கிறது. "இன்னும் 2 பாட்டில்தான் இருக்கிறது", "09:59 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய்க் கடிகாரம் ஓட விடுவதும் மேலே சொன்ன 13 ஏமாற்று உத்திகளில் அடக்கம். அதை யாராவது இலவச இணைப்பாகக் கொடுத்தாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நம்பிக்கைக்கு இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுச் சமையலறைப் படம் உதவாது. உங்கள் வாகை மரச் செக்கு, அதன் பக்கத்தில் காய்கிற கடலை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண், கடையின் முழு முகவரி, திரும்ப அனுப்பும் விதி. பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதியிருந்தால், எண்ணெய் மாதிரி ஒழுகக்கூடிய பொருளுக்கு அதுவே பாதிப் பயத்தைத் தீர்க்கும்.

எதில் கட்டுவது?

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில், பக்கத்தை இழுத்து வைத்து வடிவமைக்கும் எலிமென்டர் மாதிரி ஒரு பில்டரைப் போட்டால் எல்லாம் செய்யலாம், ஆனால் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் பிளகின் மேல் பிளகின் சேர்ந்து பக்கம் கனத்துவிடும், புதுப்பிக்காமல் விட்டால் ஹேக்கும் ஆகும். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் அது. தளத்தைத் தாங்களே நடத்தித் தரும் ஷாப்பிஃபை, விக்ஸ் போன்ற சேவைகளில் அந்தத் தலைவலி குறைவு, மாதக் கட்டணம் நிற்காமல் போகும், ஆர்டர் தினமும் வருகிறவருக்கு அது கட்டுப்படியாகும். நாலைந்து எண்ணெய் மட்டும் விற்று, ஆர்டரை வாட்ஸ்அப்பிலேயே வாங்குகிற சின்னச் செக்குக்காரருக்கு ஒரே ஒரு பக்கத் தளம் போதும், அது எந்தப் போனிலும் சட்டென்று திறக்கும். நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

தளமே வேண்டாம், கூகுள் மேப்பில் கடையைப் பதிந்துவிட்டு வாட்ஸ்அப் கேட்டலாக் (பொருள் பட்டியல்) வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மேப்பில் பதிவது கட்டாயம் வேண்டும், இலவசமும் கூட. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மேப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சின்னத் தளங்களை 2024 மார்ச்சில் மொத்தமாக மூடிவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பாட்டில் லேபிளிலும் அச்சடித்திருந்தால் அவ்வளவும் வீண். அதனால் எதில் கட்டினாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், தளம் செய்து கொடுத்தவர் பெயரில் வேண்டாம். அடுத்த வருடம் அவர் போனை எடுக்காவிட்டாலும் அதே முகவரியை வேறு இடத்துக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.