சீசன் முடிந்த ஹோட்டலில் ஒரு குடும்பம்: 'த ஷைனிங்'

மாரி தொடங்கினால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்கள் எப்படிக் கிடக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அடுக்கி வைத்த கதிரைகள், இலை மிதக்கும் நீச்சல் தடாகம், ஒரேயொரு வாச்சர். இந்தப் படத்தின் ஓவர்லுக் ஹோட்டலும் ஒக்டோபர் 30இல் மூடி, மே 15இல்தான் திறக்கும். அங்கே மழைக்குப் பதில் பனி. காவலுக்குப் போகிறவன் பெண்சாதியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

ஸ்டீபன் கிங்கின் 1977ஆம் ஆண்டு நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980இல் படமாக்கினார். பேயைவிட இடம்தான் இதில் பயமுறுத்துகிறது. சிறுவன் டானி மூன்று சில்லுச் சைக்கிளில் நடைகூடங்களைச் சுற்றும் காட்சியைக் காதால் பாருங்கள்: வெறுந்தரையில் கடகடவென்று சத்தம், கம்பளத்தில் ஏறியதும் அமைதி, இறங்கியதும் மறுபடி கடகட. குலுங்காமல் நகரும் ஸ்டெடிகாம் கமரா தரையோடு தரையாக அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வயிற்றைக் கலக்கும். மின்விசிறி இரைச்சலிலும் தகரக் கூரை மழையிலும் இதெல்லாம் கேட்காது, ஹெட்போன் போடுங்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குப்ரிக்கின் படம் மத்தியான நாடகத் தொடர்போல வழவழத்துப் போகும்.

படம் இரண்டு நீளங்களில் உண்டு: 144 நிமிடம், 119 நிமிடம். குறுகியதைத் தொடாதீர்கள். டானியைப் பார்க்க டொக்டர் வரும் காட்சி அதில் இல்லை. குடித்துவிட்டு வந்த தகப்பன் முன்பொருநாள் மகனின் கையை இழுத்துத் தோளைக் கழற்றியதை, தாய் 'தற்செயல்' என்று மழுப்பும் இடம் அதுதான். அது வெட்டுப்பட்டால் வீட்டிலிருந்தே கூட வந்த பயம் மங்கி, பழி முழுக்க ஹோட்டல்மேல் விழுந்துவிடும்.

பெரிய குறை தகப்பனாக நடிக்கும் ஜாக் நிக்கல்சன். நேர்முகத் தேர்விலேயே அரைப் பைத்தியச் சிரிப்பு! நாவலில் நல்லவனாயிருக்கப் பாடுபடுகிறவன் கொஞ்சங்கொஞ்சமாக உடைகிறான். இங்கே உடைய மிச்சமில்லை. கிங்குக்கும் படம் பிடிக்கவில்லை. முடிவும் வேறு: நாவலில் நெருப்பு, படத்தில் குளிர். நாவலின் 217ஆம் அறை படத்தில் 237. வெளிப்புறத்தைப் படமெடுத்த நிஜ ஹோட்டல்காரர், 217இல் இனி யாரும் தங்கமாட்டார்கள் என்று பயந்து கேட்டுக்கொண்டதால் வந்த மாற்றம். பிழைப்பு அவர்களுக்கும் முக்கியம்தானே.

கடைசியில் புதர்வேலிப் புதிர்ப்பாதையில் வரும் பனி, ஸ்டூடியோவில் கொட்டிய உப்பும் ரெஜிபோம் தூளும். நிலாவெளி உப்பளம் பார்த்த கண்ணுக்கும் அது பனியாகவே தெரிகிறது. 237ஆம் அறையின் குளியல் தொட்டிக் காட்சி இருப்பதால், பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போடுங்கள்.