டியூபுலரா, லித்தியமா? காரைக்குடி வீட்டு சோலாருக்கு எந்த பேட்டரி

மெத்தையில் சோலார் போட்டாயிற்று, பேட்டரி எது வாங்கலாம் என்று பங்காளிகள் இருவர் கேட்டார்கள். 1953-லேயே, பேட்டரிக்கு அடிப்படையான மின்வேதியியலுக்காக சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊர் இது; இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

விலை
டியூபுலர் (ஈய-அமில பேட்டரி வகை): கையைக் கடிக்காது. பழசையும் ஈயத்துக்காகக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.
லித்தியம்: முதலிலேயே நிறைய எடுத்து வைக்க வேண்டும்.

ஆயுள்
டியூபுலர்: 4, 5 வருடம். வெயில் ஊரில் அதுவும் குறையும்.
லித்தியம் (அயர்ன் பாஸ்பேட் வகை): 10 வருடம் எதிர்பார்க்கலாம்.

சேமிப்பு
டியூபுலரில் சார்ஜைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியத்தில் 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம்.

பராமரிப்பு
நம் பக்கம் இதுதான் பெரிய விஷயம். டியூபுலருக்கு சில மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் கதவே திறக்கிறது. யார் ஊற்றுவது? எங்கள் வீட்டில் தண்ணீர் வற்றி, விசேஷத்தன்று இரவு இன்வெர்ட்டர் கூவியே அடங்கியது. லித்தியத்துக்கு இந்த வேலையே இல்லை. ஆனால் பழைய இன்வெர்ட்டர் அதற்கு ஒத்துப்போகுமா என்று முதலில் கேளுங்கள்.

ஆச்சி வீட்டோடு இருக்கிறார், கரண்ட் போவதும் எப்போதாவதுதான் என்றால் டியூபுலர் போதும். அதைக் காற்றோட்டமாக வையுங்கள், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். பூட்டிய வீடு, அல்லது தினமும் இரவில் சோலார் கரண்டிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் லித்தியம்.